மலைக்குப் பின்னால் மலை: வாட்டர்கலரில் தூரம் காட்டுவது எப்படி

தட்டையான தாளில் ஆழம் தெரிவதும் தெரியாததும், ஒவ்வொரு மலையும் பின்னணியிலிருந்து எவ்வளவு வேறுபட்டுத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால், தூரம் கூடக் கூட மலை வெளிறி வானத்தோடு கரையும். இருட்டானதெல்லாம் அருகில் என்று மட்டும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள். இரவுக் காட்சியில், கறுப்பு வானத்தின் முன் பளிச்சென்று இருப்பதுதான் முன்னுக்கு வரும்.

நான்கு அடுக்கு மலைக்கு ஏ4 அளவில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாளும், அல்ட்ராமரைன் நீலம், செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா என்ற இரண்டு வண்ணங்களும் போதும். தாளின் வெள்ளை 0, முழுக் கறுப்பு 10 என்றால் வானம் 1. மலைகள் பின்னாலிருந்து 2, 3, 5, 9. வானத்தோடு உள்ள வித்தியாசம் 1, 2, 4, 8 என்று இரட்டிப்பதைக் கவனியுங்கள். சம இடைவெளியில் நிற்கும் மலைகளை மூடுபனியும் இப்படித்தான், அடுக்குக்கு அடுக்கு ஒரே விகிதத்தில் மங்கச் செய்கிறது.

பின்மலைக்கு நீலம் தூக்கலாக, தண்ணீர்த் தேநீர் பதம். முன்மலைக்கு சியன்னா கூடுதலாக, தேன் பதம். காய்ந்தால் வெளிறும் என்பதால், துண்டுத் தாளில் பூசிக் காயவைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள்.

வானம் காய்ந்ததும் பின்மலையில் தொடங்குங்கள். முகட்டைத் தீட்டி, நிறத்தைக் கீழே இழுங்கள். பாதி வந்ததும் பிரஷைக் கழுவி, வெறும் தண்ணீரால் அடிவாரத்தைக் கரைத்துவிடுங்கள். இந்த வெளிறிய அடிவாரத்தின் மேல்தான் அடுத்த மலையின் அடர்ந்த முகடு உட்காரும். அந்த ஒரு விளிம்பில்தான் படத்தின் ஆழமே இருக்கிறது. அவசரப்படாதீர்கள். புறங்கையை வைத்தால் தாள் சில்லென்றிருக்கிறதா, இன்னும் ஈரம் போகவில்லை. அப்போது அடுத்த பூச்சு போட்டால் விளிம்பு கலைந்து, காலிஃபிளவர் மாதிரி கறை விழும்.

பின்மலையில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு வீடோ கறுப்பாக ஒரு மரமோ வைத்தால், அது மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அங்கே நுணுக்கமே வேண்டாம்.

முடித்ததும் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். நீலத்தை மட்டும் கூட்டி தூரம் காட்ட நினைத்திருந்தால், இரண்டு மலைகள் ஒரே சாம்பலாகத் தெரிந்துவிடும். பின்மலை அடர்ந்துபோயிருந்தால் ஈரப் பிரஷால் மெல்லத் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அல்ட்ராமரைன் ஓரளவு கிளம்பி வரும். தேலோ நீலம் தாளிலேயே ஊறிவிடும், பின்மலைக்கு அதைத் தொடவேண்டாம்.