காலண்டர் ஃபைல் அனுப்புமுன் எழுத்தைக் கட்டிப்போடுங்கள்

ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் சிவகாசியில் அச்சுத் தகடு எடுக்கும் எங்கள் பிளேட் அறைக்கு ஃபைல்கள் குவியும். திறந்ததுமே ‘ஃபாண்ட் மிஸ்ஸிங்’ என்று பல ஃபைல்கள் கத்தும். ஃபைலுக்குள் இருப்பது எழுத்துருவின் பெயர்தான். எழுத்துரு உங்கள் கணினியோடு தங்கிவிடுகிறது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த கடைப்பெயர் எங்களிடம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதுகூடப் பரவாயில்லை, பார்த்ததும் பிடித்துவிடலாம். அதே பெயரில் எங்களிடம் வேறு பதிப்பு இருந்து, எச்சரிக்கையே வராமல் ஒரு ‘ஸ்ரீ’ மட்டும் மாறினால் யார் கண்ணில் படும்?

கோரல்டிராவில் டிசைன் செய்பவர்கள் கடை முதலாளியிடம் ப்ரூஃபில், அதாவது சரிபார்க்கும் நகலில், கையெழுத்து வாங்கிய பிறகே எழுத்தை கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்குங்கள். அதற்கப்புறம் எழுத்துப்பிழை திருத்த முடியாது. மூல ஃபைலைத் தனியாக வைத்துக்கொண்டு, நகலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+க்யூ. லாக் செய்தவையும் பவர்கிளிப்புக்குள் (ஒரு வடிவத்துக்குள் அடைத்து வைப்பது) இருப்பவையும் இதில் தப்பிவிடும். டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ஏதாவது எழுத்துருப் பெயர் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டர் என்றால் கர்வ்ஸ் ஆக்க கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ.

இன்டிசைனில் பக்கம் பக்கமாக எழுத்து இருந்தால் கர்வ்ஸ் வேண்டாம். அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ்-4 ஆக எடுங்கள். அக்ரோபேட்டில் ப்ராப்பர்ட்டீஸ், ஃபாண்ட்ஸ் பகுதியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘எம்பெடட்’ (எழுத்துருவும் ஃபைலுக்குள் சேர்ந்திருக்கிறது) என்று இருக்க வேண்டும். யூனிகோடு தமிழுக்கு இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

அடுத்தது நிறம். என்னை அதிகம் படுத்துவது இதுதான். ராகுகாலம், நல்லநேரம் போன்ற பொடி எழுத்துக்குக் கறுப்பு மட்டும் நூறு சதவீதம் கொடுங்கள். நாலு மையையும் கலந்தால் ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, மயிரிழை விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் கவனம். மை பரவி மெய்யெழுத்தின் புள்ளி அடைபட்டுப்போகும். ‘க்’ வெறும் ‘க’ ஆகிவிடும். தடித்த எழுத்தாக எடுங்கள். எட்டு பாயின்ட்டுக்குக் கீழே இறங்கினால் நான் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவேன். வெள்ளை எழுத்துக்குத் தவறியும் ஓவர்பிரின்ட் (அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே அச்சிடுவது) போட்டுவிடாதீர்கள், பிளேட்டில் எழுத்தே விழாது.

ஃபைலோடு ஒரு ஜேபெக்கும் சேர்த்து அனுப்புங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். வாட்ஸ்அப் என்றால் படமாக வேண்டாம், டாக்குமென்ட்டாகவே வரட்டும்.