ஃபேக்கோ டிப்: 0, 30, 45 டிகிரியில் உங்கள் கைக்கு எது?

கண்புரை அறுவை பழகத் தொடங்கும் பிஜி மாணவர்கள் பெரும்பாலும் சீனியர் எந்த ஃபேக்கோ டிப் (அல்ட்ராசவுண்டில் புரையை உடைத்து உறிஞ்சும் கருவியின் குழாய் முனை) போடுகிறாரோ அதையே கேட்டு வாங்குகிறார்கள். அவருடைய முறைக்கு அது சரி. உங்களுக்கு எது என்பதை வெட்லேபில் (விலங்குக் கண்களில் பழகும் கூடத்தில்) நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 1: வாய்

டிப்புகளை மைக்ரோஸ்கோப்பின் கீழ் பக்கவாட்டில் வையுங்கள். 0 டிகிரி டிப்பின் வாய் நேராக வெட்டிய வட்டம். 45 டிகிரி, பப்பாளிக் காம்பைச் சாய்த்து நறுக்கியது மாதிரி நீள்வட்டம். பாதி விஷயம் இதிலேயே இருக்கிறது. வட்ட வாய் நியூக்ளியஸில் (லென்ஸின் கடினமான மையத்தில்) பட்டதும் முழுசாக அடைபடும், வேக்குவம் (உறிஞ்சும் அழுத்தம்) சட்டென்று ஏறும், துண்டைப் பிடித்து சாப் செய்ய (கொக்கியால் பிளக்க) வசதி. சாய்ந்த வாய் பள்ளம் தோண்ட நன்றாக வெட்டும், ஆனால் ஆழமாகப் புதைத்தால்தான் அடைபடும். 30 டிகிரி நடுவில் நிற்கும். பள்ளம் தோண்டிப் பிளக்கும் முறையில் தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுப்பது அதைத்தான்.

படி 2: தண்டு

கெல்மன் டிப் நுனிக்குச் சற்று முன்னால் ஏறக்குறைய 20 டிகிரி வளைந்திருக்கும். டார்ஷனல் முறையில் தண்டு முன்னும் பின்னும் போகாமல் இடவலமாகத் திரும்புவதால் வளைந்த நுனி பக்கவாட்டில் வீசி வெட்டும். நேரான டிப் இருந்த இடத்திலேயே திரும்பும், பெரிதாக வெட்டாது. அதனால் மெஷின் எந்த முறையில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டே ஒப்பிடுங்கள்.

படி 3: துளையும் ஸ்லீவும்

ஒரே வேக்குவத்தில் சின்னத் துளைக்குப் பிடிமானம் குறைவு, ஏனென்றால் பிடிக்கும் விசை வாயின் பரப்பையும் பொறுத்தது. டிப்பை மாற்றினால் ஸ்லீவையும் (டிப்பைச் சுற்றி நீரைப் பாயவிடும் மெல்லிய உறையையும்) பாருங்கள். 2.8 மி.மீ. ஸ்லீவை 2.2 மி.மீ. கீறலில் திணித்தால் அது நசுங்கி, குளிர்விக்கும் நீர் குறைந்து, கார்னியா (கருவிழிப் படலம்) வெந்துவிடும். தயவுசெய்து இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

படி 4: சோதனை

ஆட்டுக் கண்ணின் லென்ஸ் மிருது, அப்படியே சோதித்தால் எல்லா டிப்பும் நல்ல டிப்பாகவே தெரியும். ஃபார்மலின் செலுத்திக் கடினப்படுத்தியதில் செய்யுங்கள். பவர், வேக்குவம், ஃப்ளோ எதையும் தொடாமல் டிப்பை மட்டும் மாற்றி, அடைபடும்போது மெஷின் சத்தம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது, துண்டு வாயில் ஒட்டி நிற்கிறதா, துள்ளி விலகுகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் கடினப்படுத்தாத ஒரு கண்ணிலும் பாருங்கள்: அதே அளவுகளில் டிப் நியூக்ளியஸைத் துளைத்து லென்ஸின் பின்புற உறைவரை போய்விடலாம், அதனால் மிருதுவான புரைக்கு எந்த டிப் போட்டாலும் பவரையும் வேக்குவத்தையும் இறக்கிவிட்டே தொடங்க வேண்டும்.