வீட்டுச் செலவு பட்ஜெட்: பாடம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ வணிகவியல் வகுப்பிலோ கல்லூரியிலோ சொந்த வீட்டுக்கு பட்ஜெட் போடும் பயிற்சியைப் புதிதாக நடத்துபவர்கள், வருடாவருடம் அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். இஎம்ஐ மட்டுமே செலவல்ல, சொத்து வரி உண்டு, கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பதெல்லாம் மாணவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடலாம். கணக்கு உதைப்பது வேறு இடங்களில்.

பத்திரச் செலவைக் கடனுக்குள் தள்ளுவது

ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீடு, விலை 50 லட்சம் என்று கொடுத்தால், "கையில் 10, கடன் 40" என்று எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80% வரைதான் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவு 2%. அதாவது 4.5 லட்சம். வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கென அரசு நிர்ணயித்த மதிப்பு) விலையைவிட அதிகமாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. ஆக, கையில் இருக்க வேண்டியது 14.5 லட்சம். வக்கீல், ஆவண எழுத்தர், வங்கியில் பத்திரம் ஒப்படைத்ததைப் பதிவு செய்யும் செலவு, சாமான் ஏற்றும் வண்டி எல்லாம் அதற்கு மேல். பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு விகிதம் வேறு; இரண்டையும் ஒரே பயிற்சியில் கலக்காதீர்கள்.

பராமரிப்புக்கு "வீட்டு விலையில் 1%"

எரிச்சலூட்டுவது இதுதான். அமெரிக்கப் பாடப் பொருளிலிருந்து அப்படியே இறக்கிய சூத்திரம். நம் ஊரில் வீட்டு விலையில் பெரும்பங்கு மண்ணின் விலை. மண்ணுக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை.

1,000 சதுர அடியில் ஒரே மாதிரி இரண்டு தனி வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் விலை 90 லட்சம், விருதுநகரில் 30 லட்சம். 1% சூத்திரப்படி தாம்பரத்துக்காரர் மாதம் 7,500 ஒதுக்குவார், விருதுநகர்க்காரர் 2,500. சுவர் அதே சுவர், மோட்டார் அதே மோட்டார். முதலாமவர் தேவைக்கு மேல் ஒதுக்குகிறார், பரவாயில்லை. இரண்டாமவர் கதை அப்படியல்ல.

பொருள்வாரியாகப் போட்டால்தான் உண்மை தெரியும். உள்பூச்சுக்கு நிறையப் பேர் தரைப் பரப்பை வைத்தே கணக்கிடுகிறார்கள். சுவரும் சீலிங்கும் சேர்த்தால் தரையைப் போல் சுமார் மூன்றரை மடங்கு வரும். 3,500 சதுர அடி, அடிக்கு 24 ரூபாய் என்றால் 84,000. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் மாதம் 1,400. வெளிப்பூச்சு 63,000, ஏழு வருடம்: 750. மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங் 60,000, எட்டு வருடம்: 625. போர்வெல் மோட்டார் 24,000, எட்டு வருடம்: 250. இன்வெர்ட்டர் பேட்டரி 15,000, ஐந்து வருடம்: 250. செப்டிக் டேங்க் லாரிக்கு மூன்று வருடத்துக்கு 3,600: மாதம் 100. கூட்டினால் 3,375. விருதுநகர்க்காரர் மாதம் 875 குறைவாக ஒதுக்கியிருக்கிறார், வருடத்துக்கு 10,500 துண்டு விழுகிறது. இந்த விலைகள் மாதிரிக்குத்தான். ஹார்டுவேர் கடையிலும் பெயின்டரிடமும் விசாரித்து வரும் வேலையை மாணவர்களிடமே கொடுங்கள்.

இதுவரை வந்தவர்களும் அடுத்த படியில் சறுக்குகிறார்கள். ஆயுளால் மட்டும் வகுத்தால் அது புது வீட்டுக் கணக்கு. வாங்குவது பழைய வீடென்றால் அட்டவணையில் "மீதி ஆயுள்" என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். உள்பூச்சுக்கு இன்னும் ஒரு வருடம்தான் தாங்கும் என்றால் 84,000-ஐ 60-ஆல் அல்ல, 12-ஆல் வகுக்க வேண்டும்: மாதம் 7,000. மொத்தம் 3,375-லிருந்து 8,975 ஆகிவிடும். அந்த முதல் வருடத்தில் தாம்பரத்துக்காரரின் 7,500-கூடப் போதாது. பத்திரம் முடித்துக் கை காய்ந்திருக்கும் வருடம் அது என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

மோட்டார் எரிந்தது என்று பயிற்சியில் ஒரு சீட்டு கொடுத்தால், "காயில் கட்டினால் (எரிந்த கம்பிச் சுருளை மட்டும் மாற்றினால்) போதுமே சார்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். நியாயமான கேள்விதான், தட்டிவிடாதீர்கள். காயில் கட்டுவது புது மோட்டாரைவிட மலிவு. ஆனால் போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலி ஒவ்வொரு முறையும் உண்டு, அதுவரை வாங்கும் லாரித் தண்ணீருக்கும் காசு. இரண்டையும் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று பிறகு அவர்களே முடிவெடுக்கட்டும்.

வட்டி மாறாது என்று விடுவது

40 லட்சம், 20 வருடம், 8.5% என்றால் இஎம்ஐ சுமார் 34,713. முதல் தவணையில் 28,333 வட்டிக்கே போகிறது. வட்டி 9.5% ஆனால் இஎம்ஐ 37,285. ஆனால் வங்கிகள் பெரும்பாலும் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டுகின்றன. பழைய தவணையையே கட்டினால் 240 மாதம் என்பது ஏறக்குறைய 309 மாதம் ஆகும். தவணை மாறவில்லையே என்று பட்ஜெட்டில் எதையும் திருத்தாத மாணவனுக்கு, கூடிய அந்த ஐந்தே முக்கால் வருடம் கண்ணிலேயே படாது. எக்செல்லில் இஎம்ஐ சூத்திரத்தோடு நிறுத்தாமல், மாத எண்ணிக்கையைத் தரும் சூத்திரத்தையும் போடச் சொல்லுங்கள்.

அரையாண்டு சொத்து வரியை ஆறால் வகுத்து மறப்பது

பட்ஜெட்டில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முழுத் தொகையும் தெரிய வேண்டும். குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்களைத் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள்.

கார்ப்பஸ் தொகையை மெயின்டனன்ஸ் என்று எழுதுவது

ஃபிளாட்டில் கார்ப்பஸ் என்பது பிற்காலப் பெரிய செலவுகளுக்கான பொது நிதி; அது வாங்கும்போது ஒரே தடவை, மெயின்டனன்ஸ் மாதாமாதம்.

முழு விலைக்கும் தீ இன்சூரன்ஸ்

கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்கே பாலிசி. 1,000 சதுர அடி, அடிக்கு 2,500 என்றால் 25 லட்சம். அந்த 90 லட்சம் வீட்டுக்கும் இதே தொகைதான்.