மகள் ஏற்கெனவே இன்னொரு வரி ரிட்டர்னில்

2024 மே மாதம் கணவர் தனியே போய்விட்டார்; விவாகரத்து ஆகவில்லை. வீட்டுச் செலவு முழுக்க என் சம்பளம், எட்டு வயது மகளும் என்னோடு. அந்த ஆண்டின் கடைசி ஆறு மாதம் அவர் இங்கே இல்லாததால் 2024-க்கான அமெரிக்க வரிப் படிவத்தில் (ரிட்டர்ன்) 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்', அதாவது குடும்பத்தைத் தனியே தாங்குபவர் என்று போட்டேன். ஆன்லைனில் அனுப்பிய இ-ஃபைல் திரும்பி வந்தது: மகளின் சோஷியல் செக்யூரிட்டி எண் வேறொரு ரிட்டர்னில் இருக்கிறதாம். கணவர் அவளைத் தன் ரிட்டர்னில் காட்டி முந்திக்கொண்டார்!

எண்ணைச் சரிபார்த்து மூன்று முறை அனுப்பினேன். படிவத்திலிருந்து மகளை நீக்கிப் பார்த்தால், குழந்தைக்காகக் கிடைக்கும் 2,000 டாலர் வரிச் சலுகை (சைல்டு டாக்ஸ் கிரெடிட்) காணோம்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. 2025 முதல், அமெரிக்க வரித்துறை ஐஆர்எஸ் தரும் ஆறு இலக்க ரகசிய அடையாள எண்ணான ஐபி பின் போட்டால் இப்படிப்பட்ட ரிட்டர்னையும் இ-ஃபைலில் ஏற்கிறார்கள். வேண்டியது மகளுடைய பின் அல்ல, என்னுடையது. ஐஆர்எஸ் ஆன்லைன் கணக்கில் எடுத்துப் போட்டேன். மறுநாள் காலை 'ஏற்கப்பட்டது'. எனக்கும் கணவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். மகள் என் முகவரியில் இருப்பதாகப் பள்ளி தந்த கடிதம் ஃபைலில் தயார்.