சனிக்கிழமை நக வகுப்பு: பள்ளிப் பிள்ளைகளை நெயில் டெக்னீஷியனாகப் பழக்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் மெட்ரிக் டான்ஸ் (இங்கே மெட்ரிக் என்றால் பன்னிரண்டாம் வகுப்பு, அவர்களுக்கான நடன விழா) நெருங்கினால், பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் போனில் ஏதாவது ஒரு படத்தை நீட்டியபடி என் கடை வாசலில் நிற்பார்கள். "ஆன்ட்டி, இதே மாதிரி வேணும்." அப்படி வந்த ஒருத்தி, வேலை முடிந்தும் எழுந்து போகாமல், "இதை எனக்கும் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள். சனிக்கிழமை வகுப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. நான் மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு அவர்கள் பேச்சு அரைகுறை. ஆனால் நகம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இப்படி ஒரு வகுப்பு எடுக்க நினைப்பவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் ஆறு வாரம் கலர் பாட்டில் அலமாரியை விட்டு வெளியே வராது. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

படி 1: காலண்டரும் கையெழுத்தும்

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மெட்ரிக் இறுதித் தேர்வு அக்டோபர், நவம்பரில் வரும். அதனால் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் எடுங்கள், ஜனவரிக் கடைசியில் தொடங்கி செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். ஒரு வகுப்புக்கு ஆறு பேர் போதும், அதற்கு மேல் போனால் யார் கை எங்கே போகிறது என்று பார்க்க முடியாது.

பெற்றோர் கையெழுத்து கட்டாயம். என்னென்ன ரசாயனம் புழங்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பிள்ளைக்கு ஆஸ்துமா, எக்ஸிமா, தோல் அலர்ஜி உண்டா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 15 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பது தென்னாப்பிரிக்கச் சட்டப்படி குற்றம். வயது சரியாக இருந்தாலும், கற்றுத்தருகிறேன் என்று சொல்லி உங்கள் வாடிக்கையாளர்களை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

பல பள்ளிகளில் நகப்பூச்சுக்கே தடை. அதனால் பயிற்சியெல்லாம் பிளாஸ்டிக் டிப்பிலும் (ஒட்டு நகம்) பிராக்டிஸ் கையிலும்தான் (பழகுவதற்கான பொம்மைக் கை). திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் பிள்ளை மாட்டிக்கொண்டால் திட்டு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

படி 2: நகத்தைப் படிப்பது

கண்ணுக்குத் தெரியும் நகத்தட்டு செத்த கெரட்டின். உயிருள்ள இடம் தோலுக்கு அடியில், நகம் பிறக்கும் வேரில் இருக்கிறது. வேர் அடிபட்டால் வளரும் நகமும் கோணலாகும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால்நகம் அதில் பாதி. இதை நான் வாயால் சொல்வதில்லை. கால் கட்டைவிரல் நகத்தின் அடியில் ஒரு பாலிஷ் புள்ளி வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் (ஷூவுக்குள் எந்த டீச்சர் பார்க்கப் போகிறார்?). நாலு வாரம் கழித்து ஸ்கேலோடு உட்கார்ந்து அளப்போம்.

அடுத்து க்யூட்டிகிள். வகுப்பிலேயே முக்கியமான பாடம் இதுதான். க்யூட்டிகிள் என்பது நகத்தட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணாடி போன்ற செத்த தோல். அதற்குப் பின்னால் புடைத்து நிற்கும் மடிப்பு உயிருள்ள தோல், நகவேருக்கு அதுதான் காவல். முதல் வகுப்பில் எல்லோருமே அந்த மடிப்பைத்தான் க்யூட்டிகிள் என்று காட்டுவார்கள். அதை வெட்டினால் கிருமி உள்ளே போகும், நகச்சுற்று வரும். எங்கள் அப்பத்தா நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை, "எங்க ஆயாவும்!" என்று கத்தினாள். அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் தோலை வெட்டவில்லை.

படி 3: தொடக்கூடாத நகம்

வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பப் பழகாத பிள்ளையிடம் ஃபைலை (நகம் தேய்க்கும் அரம்) கொடுக்காதீர்கள். சிவந்து வீங்கிய விரல், தடித்து மஞ்சளாகிப் பொடியும் நகம், தட்டு தூக்கிக்கொண்டு நிற்கும் நகம், இவை மூன்றும் மருத்துவரிடம் போக வேண்டியவை. பழைய அக்ரிலிக்கை (பொடியும் திரவமும் கலந்து நகத்தின் மேல் வைக்கும் செயற்கை நகம்) கழற்றினால் சில சமயம் அடியில் பச்சையாக இருக்கும். பூஞ்சணம் என்பார்கள், உண்மையில் ஈரம் தங்கிய இடத்தில் வளரும் பாக்டீரியா அது. டர்பன் புழுக்கத்தில் இது எனக்குப் பழகிய காட்சி. அதன் மேல் கலர் பூசி மறைக்கக் கூடாது.

கருங்கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். கறுத்த தோல்காரர்களுக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடு இருப்பது சகஜம். ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கோடு சாதாரணமில்லை. ரெகே பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது முதலில் பந்து விளையாட்டில் பட்ட அடி என்றே நினைக்கப்பட்டது. 1977-ல் அது மெலனோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது. 1981-ல், 36 வயதில் இறந்துபோனார். இந்தக் கதையைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

படி 4: சுத்தம்

இரும்புச் சாமான்களை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் கிருமிநாசினியில் ஊறப்போட வேண்டும். அழுக்கோடு ஊறப்போட்டால் மருந்து வேலை செய்யாது. அட்டை ஃபைலும் ஆரஞ்சுக் குச்சியும் (நக ஓரம் சுத்தம் செய்யும் மரக்குச்சி) ஒரு ஆளுக்கு ஒன்று, பிறகு குப்பைதான்.

படி 5: ஃபைலும் தயாரிப்பும்

இயற்கை நகத்துக்கு 180 அல்லது 240 எண் ஃபைல். எண் குறைந்தால் சொரசொரப்பு கூடும், 100 எண் அக்ரிலிக்குக்கு மட்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே திசையில் இழுக்க வேண்டும். ரம்பம் மாதிரி அறுத்தால் நுனி ஏடு ஏடாகப் பிரியும். மேல்தட்டின் பளபளப்பு மட்டும் போகும் அளவுக்கு லேசாக பஃபர் (நயமாகத் தேய்க்கும் கட்டை) போட்டு, தூசியைத் துடைத்து, டீஹைட்ரேட்டர் (நகத்தின் ஈரத்தையும் எண்ணெயையும் போக்கும் திரவம்) தடவிய பிறகு அந்த நகத்தை விரலால் தொடக் கூடாது. தொட்டால் கை எண்ணெய் ஒட்டும், மூன்றாம் நாள் ஜெல் (லாம்ப் வெளிச்சத்தில் இறுகும் நகப்பூச்சு) உரியும்.

படி 6: ஜெல்

ஏழாவது வாரம் அலமாரி திறக்கும்.

பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் கழுத்தில் வழித்துவிடுங்கள். மறுபக்கத்தில் ஒரு உளுந்து அளவு ஜெல் நிற்கும். அதை நகத்தின் நடுவில் வைத்து, தோலை நோக்கி மெல்லத் தள்ளி, ஒரு நூல் இடைவெளி இருக்கும்போது நிறுத்துங்கள். அங்கிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. பிறகு இடம், வலம். நகத்தின் முன் விளிம்பிலும் ஒரு தீற்று. தோலில் பட்டால் லாம்ப்பில் வைக்கும் முன்பே குச்சியால் எடுத்துவிட வேண்டும். கட்டைவிரல் லாம்ப்பில் சாய்ந்தே கிடக்கும் என்பதால் அதைத் தனியாக வையுங்கள்.

அந்த நூல் இடைவெளியில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், நான் வேலை கற்ற இடத்தில் வழிந்த ஜெல்லை வெறும் விரலால் துடைப்போம். யாரும் தடுக்கவில்லை. இரண்டு வருடத்தில் என் விரல் நுனியெல்லாம் அரித்து வெடித்தது, ரசத்துக்குப் புளி கரைக்கக்கூட முடியவில்லை. அக்ரிலேட் அலர்ஜி, ஜெல்லில் இருக்கும் ரசாயனத்தால் வருவது. ஒருமுறை வந்தால் போகாது, பின்னாளில் பல்லுக்கு வைக்கும் சில பொருட்கள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வேகாத, அதாவது லாம்ப்பில் முழுசாக இறுகாத ஜெல் தோலில் படுவதுதான் காரணம். லைட் எரிந்தால் ஜெல் வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை, மேலே வெந்து நடுவில் மாவாக இருக்கும் இட்லி மாதிரி ஆகிவிடும். அதனால் மெல்லிய பூச்சு, ஜெல் கம்பெனி சொன்ன லாம்ப், சொன்ன நேரம். நைட்ரைல் கையுறை போடச் சொல்லுங்கள், அதுவும் நெடுநேரம் தாங்காது, அடிக்கடி மாற்ற வேண்டும்.

படி 7: அக்ரிலிக்

காற்றோட்டமான இடம், தூசி மாஸ்க், இரண்டும் இல்லாமல் தொடங்காதீர்கள். மலிவான திரவத்தில் எம்எம்ஏ (நகத்துக்கு ஆகாத மெத்தில் மெத்தாக்ரிலேட்) இருக்கலாம். மூக்கைத் துளைக்கும் வாடை, ஃபைலுக்கு மசியாத கடினம், அசிட்டோனில் ஊறாத பிடிவாதம் இவற்றை வைத்துச் சந்தேகப்படலாம். அமெரிக்காவில் 1970-களிலேயே இதன் மேல் நடவடிக்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக இஎம்ஏ (எத்தில் மெத்தாக்ரிலேட்) என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்குங்கள்.

படி 8: கழற்றுவது

மேல்பூச்சை ஃபைல் செய்து, அசிட்டோன் நனைத்த பஞ்சை ஃபாயிலில் சுற்றி 10 முதல் 15 நிமிடம். வராவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம். நெம்பி எடுத்தால் நகத்தின் ஏடும் கூடவே வந்துவிடும்.

படி 9: கணக்கு

15 மில்லி பாட்டில் ஒவ்வொன்றிலும் சின்ன லேபிள் ஒட்டி, ஒரு கை செட் முடிந்ததும் ஒரு கோடு போடச் சொல்வேன். பாட்டில் காலியானதும் விலையைக் கோடுகளால் வகுத்தால், ஒரு ஆளுக்கு எத்தனை ராண்ட் ஜெல் போகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பஞ்சு, ஃபைல், கரண்ட், அவர்கள் நேரம் எல்லாம் அதன் மேல்.

வாடிக்கையாளரிடம் பேசுவதும் இதே வாரத்தில்தான். வெளிர் நிறம் போட்டுக்கொண்டு போய் அன்றைக்கே பன்னி சௌவை (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய டர்பன் சாப்பாடு) கையால் பிய்த்துச் சாப்பிட்டால் மஞ்சள் ஏறும், ஏறினால் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டினால் மங்கும். இதைச் சொல்லி அனுப்பும் பிள்ளையிடம் வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

கடைசி வாரத்தில் நான் கொடுக்கும் தாள் தொழில் சான்றிதழ் ஆகாது, அதைப் பெற்றோரிடமே சொல்லிவிடுவேன். மெட்ரிக் முடித்துத் தொழிற்கல்லூரியிலோ தனியார் அகாடமியிலோ சேரும்போது, தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தில் பதிவான படிப்பா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள். அதுவரை ஆளுக்கு ஒரு பிராக்டிஸ் கையும் பத்து டிப்பும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். ஜெல் பாட்டில் மட்டும் என் அலமாரியிலேயே இருக்கும்.