பழைய சர்வர்களோடு கிளவுட் சேவைகளை இணைப்பது எப்படி?

ஒரு நிறுவனம் தன் மென்பொருள்களில் சிலவற்றை மட்டும் கிளவுடுக்கு (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு) மாற்றி, மற்றவற்றைச் சொந்த சர்வர் அறையிலேயே வைத்துக்கொள்ளும்போதுதான் கடினமான சிக்கல்கள் தொடங்குகின்றன. எதை முதலில் மாற்றுவது என்று முடிவெடுக்கும் முன், எந்த மென்பொருள் எதனோடு எவ்வளவு அடிக்கடி தொடர்புகொள்கிறது என்பதைக் கண்டறியுங்கள். நெட்வொர்க்கின் பழைய வரைபடங்களை நம்பாமல், ஃபயர்வால் (நெட்வொர்க்கில் வருவதையும் போவதையும் கட்டுப்படுத்தும் அரண்) பதிவுகளையும் டேட்டாபேஸ் இணைப்புகளையும் ஒரு முழு மாதத்துக்காவது திரட்டுங்கள். மாத இறுதியில் ஒரே ஒரு இரவு ஓடும் வேலைகள் பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை.

இந்தக் கணக்கெடுப்பை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் தாமதம். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது. உங்கள் சர்வர் அறை சென்னையிலும் கிளவுட் மும்பையிலும் இருப்பதாகக் கொண்டால், இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 1,000 கி.மீ. இருப்பதால், ஒரு கேள்வி போய் விடை திரும்ப 10 மில்லிநொடியாவது ஆகும்; கேபிள் நேர்க்கோட்டில் செல்வதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். அதை 20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு இன்வாய்ஸ் திரையைத் திறக்க 500 வினவல்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பழைய ஈஆர்பி (நிறுவனத்தின் கணக்கு, கையிருப்பு, விற்பனையை ஒன்றாக நிர்வகிக்கும்) மென்பொருளுக்கு, டேட்டாபேஸ் பக்கத்து ரேக்கில் அரை மில்லிநொடியில் விடை தரும்போது கால் நொடி போதும். மென்பொருள் மும்பைக்குப் போய் டேட்டாபேஸ் சென்னையிலேயே நின்றுவிட்டால், அதே திரைக்கு 10 நொடி பிடிக்கும். லைனின் அலைவரிசையை (நொடிக்கு எவ்வளவு தரவு செல்லும் என்பதை) எத்தனை மடங்கு கூட்டினாலும் இந்தத் தாமதம் குறையாது. ஆகவே இப்படி இடைவிடாது பேசிக்கொள்பவற்றை ஒரே தொகுதியாக மாற்றுங்கள், அல்லது இரண்டையும் இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

எப்போதாவது தகவல் பரிமாறுபவற்றைப் பிரித்து வைக்கலாம். ஆனால் நேரடி அழைப்புக்குப் பதிலாக இடையில், பெறும் மென்பொருள் எடுக்கும் வரை செய்திகளைக் காத்து வைக்கும் ஒரு செய்தி வரிசையை அமையுங்கள். இணைப்பு அறுந்து மீண்டும் வரும்போது ஒரே செய்தி இருமுறை வந்து சேரக்கூடும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே கையாளப்பட்டதா என்று பெறும் மென்பொருள் சரிபார்க்குமாறு செய்யுங்கள். இதைத் தவிர்த்தால் ஒரே பில்லுக்கு இருமுறை பணம் செலுத்தப்படும் நிலை வரும்.

நெட்வொர்க்கில் முதலில் பார்க்க வேண்டியது ஐபி முகவரிகள். அலுவலகமும் கிளவுடும் 10.0.0.0/8 (10 என்று தொடங்கும் முகவரிகள்) போன்ற, உள் நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கப்பட்ட அதே தனியார் வரம்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால், இரண்டின் முகவரிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் விபிஎன் (இரண்டையும் இணைக்கும் பாதுகாப்பான தனி வழி) இணைந்த பிறகும் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) சரியான இடத்துக்குப் போகாது. கிளவுடில் முதல் சர்வரை உருவாக்கும் முன்பே, எங்கும் பயன்படாத ஒரு வரம்பை அதற்கென ஒதுக்கிவிடுங்கள்.

பயனர் கணக்குகளில் ஒரே லாகின் கிடைப்பது பாதி வேலைதான். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பில்) முடக்கினால் எல்லா கிளவுட் சேவைகளிலும் அது முடங்குகிறதா, ஏற்கெனவே திறந்திருந்த அமர்வுகளும் ஏபிஐ சாவிகளும் (மென்பொருள்கள் தாமே உள்நுழையப் பயன்படுத்தும் ரகசியக் குறியீடுகளும்) செயலிழக்கின்றனவா என்பதை ஒரு சோதனைக் கணக்கை வைத்து நேரில் பாருங்கள்.

சட்டத்தையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். பணப் பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவுக்குள் மட்டுமே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதற்கு உட்பட்ட நிறுவனங்கள் முதன்மை டேட்டாபேஸை மும்பையில் வைத்தால் மட்டும் போதாது. பேக்கப்பும் லாகும் (செயல்பாட்டுப் பதிவுகளும்) எந்த நாட்டில் தங்குகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

தரவை நகர்த்தும் நேரத்தையும் முன்னரே கணக்கிடுங்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) லைன் முழுவதையும் பயன்படுத்தினாலும் 10 டெராபைட் போய்ச் சேர 9 நாள்களுக்கு மேல் ஆகும். எனவே முழு நகலை முன்கூட்டியே அனுப்பி, மாறியவற்றை மட்டும் தொடர்ந்து ஒத்திசைத்து, மாற்றும் இரவில் எஞ்சிய சிறு பகுதியை மட்டும் அனுப்புங்கள். அதன்பின் பழைய டேட்டாபேஸை உடனே அழிக்காமல், எழுத முடியாத நிலையில், புதிய அமைப்பில் ஒரு மாத இறுதிக் கணக்கு முடிப்பாவது சரியாக நிறைவேறும் வரை வைத்திருங்கள்.