பள்ளிக்கூடம் சேர்க்க முதல் ஊசிப் பதிவைப் பாருங்கோ

முன்பள்ளிக்கோ முதலாம் ஆண்டுக்கோ பிள்ளையைச் சேர்க்க முதல், கிளினிக்கில் தந்த பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் தடுப்பூசிப் பக்கத்தை ஒருக்கால் வடிவாகப் பாருங்கோ. அதிகம் தவறுவது 3 வயதில் போடும் எம்.எம்.ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசி. 18 மாத முக்கூட்டு ஊசியோடு கிளினிக் போக்கு நின்றுவிடும். நடுவில் ஒன்றரை வருட இடைவெளி, அதில் மறந்துபோகிறது. 5 வயது ஊசியும் போலியோ சொட்டும் 5 வயது நிறைந்த பிறகுதான். விண்ணப்ப நேரத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் பயப்படத் தேவையில்லை.

ஒன்று தவறினால் முதலிலிருந்து தொடங்குவதில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். ஆனால் எம்.எம்.ஆர், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி போன்ற உயிருள்ள ஊசிகளை (பலவீனமாக்கிய உயிருள்ள கிருமியால் செய்தவை) ஒரே நாளில் போடாவிட்டால் இடையில் 4 கிழமை வேண்டும். அதனால் கடைசி நேரத்தில் ஓடவேண்டாம். இலேசான தடிமன், சளிக்காக ஊசியைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

தனியார் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தால் அந்த அட்டையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி, திகதியையும் ஊசிமருந்தின் தொகுதி (batch) இலக்கத்தையும் பதிவேட்டில் ஏற்றுவியுங்கோ. கொழும்பிலிருந்து கோப்பாய்க்கோ நல்லூருக்கோ குடிவந்தவர்கள் புதிய இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிந்துகொள்வது முக்கியம்.